பதினைந்து நெல்

பெருந்தொகை ஒன்று கண்முன் வந்து நின்றால், ‘எண்ணிலடங்காது’ என்று கூறி ஒதுங்கிக்கொள்வது மாந்தர் இயல்பு. எண்ணிலடங்காதவை என்று நாம் ஒதுக்கி வைத்தவற்றுள் பல, எண்ண முடியாதவை அல்ல, எண்ணப்படாதவையே ஆகும். வியப்பு நின்றுவிடும் இடத்திலிருந்து கணக்கு தொடங்குகிறது. இதனை விளக்குதற்கு உலகறிந்த பேரெண் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனை மதுரைச் சமவெளியில் வழங்கிய நெல்லளவையால் கடைசி நெல்மணி வரை அளந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரையை ஏன் தேர்ந்தோம் என்பதற்குக் காரணம் உண்டு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் சுற்றிப் பார்க்கும் வீதிகளுள் கூலக்கடைத் தெருவும் ஒன்று. துலாக்கோல் ஏந்தியவரும், அம்பணம் என்னும் மரக்காலைக் கையில் கொண்டவரும் அங்கே எங்கும் திரிந்துகொண்டிருந்ததாக இளங்கோவடிகள் காட்டுகின்றார். நகருக்கு வடக்கே அழகர்மலைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்களில் உப்பு வணிகனும், அறுவை வணிகனும், கொழு வணிகனும் தம் தொழிற்பெயரோடு விளங்குகின்றனர். இன்றும் நகரின் ஒரு பகுதி நெல்பேட்டை என்றே வழங்குகிறது. நம் சமுதாய மக்கள் செறிந்து வாழும் பகுதி அது. அளப்பதும் எண்ணுவதும் இம்மண்ணில் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். ஆகவே நமது பேரெண்ணை அளக்க இதைவிடத் தக்க மரக்கால் வேறில்லை.

அரசன் கொடுத்த வாக்கு

சதுரங்கத்தின் கதையை அறியாதார் இலர். ஆட்டத்தைக் கண்டுபிடித்த அறிஞனிடம், ‘வேண்டுவது கேள்’ என்றான் அரசன். பலகையின் முதற் கட்டத்துக்கு ஒரு தானிய மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் இரட்டித்துத் தந்தால் போதும் என்றான் அறிஞன். இவ்வளவு அற்பமான பரிசா என்று அரசன் சினந்தான். கணக்கர் வந்து சொன்ன பின்னரே, தன் நாட்டுக் களஞ்சியங்கள் யாவும் திரண்டாலும் கொடுத்த வாக்கை நிறைவேற்ற இயலாது என்பதை உணர்ந்தான்.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்று சத்ரங் ஆயிற்று. அரபு நாடுகளை அடைந்து ஷத்ரன்ஜ் ஆயிற்று. ஆட்டத்தோடு கதையும் பயணம் செய்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் யஃகூபியும், பத்தாம் நூற்றாண்டில் மஸ்ஊதியும் சதுரங்கத்தின் இந்தியப் பிறப்பைப் பற்றி எழுதியுள்ளனர். அரபு எழுத்தாளர் கதையை மட்டும் பெற்றுக்கொள்ளவில்லை. கதைக்குள் ஒளிந்திருந்த எண்ணையும் விடாது பற்றிக்கொண்டனர் என்பதே நாம் கருதத்தக்கது.

அலெக்சாந்திரியாக் கணக்கர்

‘வஃபயாத்துல் அஃயான்’ என்னும் பெரும் வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியத்தை இயற்றியவர் இப்னு கல்லிகான். 1211-இல் இர்பிலில் பிறந்து 1282-இல் திமிஷ்கில் மறைந்தவர். ஷத்ரன்ஜ் ஆட்டத்தில் புகழ்பெற்ற அஸ்ஸூலியின் வரலாற்றைக் கூறுமிடத்தில் அவர் இக்கதையையும் கூறுகின்றார். அத்துடன் தமது ஐயத்தையும் மறைக்கவில்லை. அரசனின் களஞ்சியங்கள் போதா என்பது மிகைக்கூற்று என்றே முதலில் அவர் எண்ணினார். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கணக்கர் ஒருவர் அவரைச் சந்தித்து, தாள் ஒன்றில் கணக்கை எழுதிக் காட்டிய பின்னரே அவர் ஐயம் தீர்ந்தது.

அக்கணக்கர் செய்த முறை எளியது. பதினாறாம் கட்டத்தில் வருவது 32,768 மணி. இதனை ஒரு கதஹ் அளவாகக் கொண்டார். மேலும் இரட்டித்துச் செல்ல, இருபதாம் கட்டத்தில் அது ஒரு வைபா ஆயிற்று. வைபா ஆறு கொண்டது ஓர் இர்தப். நாற்பதாம் கட்டத்தில் 1,74,762 இர்தபும் மூன்றில் இரண்டு பங்கும் சேர்ந்தன. இதனை ஒரு களஞ்சியம் எனக் கொண்டார். ஐம்பதாம் கட்டத்தில் இத்தகைய களஞ்சியங்கள் 1,024 ஆயின. அவற்றை உடையது ஒரு நகரம் என்றார். அறுபத்து நான்காம் கட்டத்தில் நகரங்கள் 16,384 ஆயின. உலகில் இத்தனை நகரங்கள் உண்டோ என்று அவர் கேட்டபோது, கதை கதையாக இராமல் கணக்காகிவிட்டது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அக்கணக்கர் பேரெண்ணைக் கண்டு மலைக்கவில்லை. தமது ஊர்க் கடைவீதியில் வழங்கிய அளவுகளையே ஏணிப்படிகளாக்கி அதன் உச்சிக்கு ஏறினார். கையில் கதஹ் வைத்திருந்தவர் அவர். நம் முன்னோர் கையிலோ நாழி இருந்தது.

அல்பிரூனியின் குறுக்கு வழி

இதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே அபூரைஹான் அல்பிரூனி இந்த எண்ணைத் துல்லியமாகக் கணித்துவிட்டார். 973-இல் குவாரிஸ்மில் பிறந்த அப்பேரறிஞர், ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில், தமது இருபத்தேழாம் வயது அளவில் இயற்றிய ‘அல்ஆஸாருல் பாகியா’ என்னும் நூலில் இக்கணக்கு இடம்பெற்றுள்ளது. அறுபத்து நான்கு முறை இரட்டித்து, வந்தவற்றையெல்லாம் கூட்டும் நீண்ட வழியை அவர் நாடவில்லை. இரண்டு உண்மைகளைக் கொண்டு நான்கே பெருக்கல்களில் முடித்தார்.

முதல் உண்மை இது: எந்தக் கட்டத்தில் உள்ள எண்ணும், அதற்கு முந்திய கட்டங்களின் மொத்தத்தைக் காட்டிலும் ஒன்றே கூடுதலாகும். முதல் மூன்று கட்டங்களில் 1, 2, 4, கூட்டினால் 7. நான்காம் கட்டத்தில் 8. ஆகவே அறுபத்து நான்கு கட்டங்களின் மொத்தம் வேண்டுமாயின், இல்லாத அறுபத்தைந்தாம் கட்டம் ஒன்றைக் கற்பனை செய்து, அதில் வரும் எண்ணில் ஒன்றைக் கழித்தால் போதும்.

இரண்டாம் உண்மை: ஒரு கட்டத்து எண்ணை அதனாலேயே பெருக்கினால், முதற் கட்டத்திலிருந்து இருமடங்கு தொலைவில் உள்ள கட்டத்தின் எண் கிடைக்கும். ஐந்தாம் கட்டத்தில் 16. அதன் வர்க்கம் 256. இது ஒன்பதாம் கட்டம். 256-இன் வர்க்கம் 65,536. இது பதினேழாம் கட்டம். அதன் வர்க்கம் 4,294,967,296. இது முப்பத்து மூன்றாம் கட்டம். அதனையும் வர்க்கம் செய்தால் அறுபத்தைந்தாம் கட்டம் வந்துவிடுகிறது. ஒன்றைக் கழித்தபின் அவர் கண்ட தொகை இது:

18,446,744,073,709,551,615

நம் வழக்கில் சொல்வதாயின், 1,84,467 கோடி கோடியே, 44,07,370 கோடியே, 95,51,615. இருபது இலக்கங்கள். ஓர் இலக்கமும் பிழையில்லை. இத்தொகை எவ்வளவு பெரிது என்பதைப் படிப்போர் உணர வேண்டுமென்று, அதனைப் பணப்பைகளாகவும், பைகளைச் சுமக்கும் கோவேறு கழுதைகளாகவும், அவற்றை மலைகளின் ஓடைதோறும் நிற்கும் கூட்டங்களாகவும் பிரித்துப் பிரித்துக் காட்டினார் அல்பிரூனி. அலெக்சாந்திரியாக் கணக்கரின் களஞ்சியமும் நகரமும் போல இதுவும் ஓர் ஏணியே.

பெயரும் குறியும்

இருபது இலக்க எண்ணுக்குப் பெயர் சொல்ல நம் முன்னோரால் இயன்றதா? தொல்காப்பியர், ஐ, அம், பல் என்னும் ஈறுகளைக் கொண்ட எண்ணுப் பெயர்கள் உண்டென்று எழுத்ததிகாரத்தில் விதி வகுத்தார். தாமரை, வெள்ளம், ஆம்பல் என உரையாசிரியர்கள் அவற்றுக்கு எடுத்துக்காட்டுத் தருகின்றனர். மதுரையையும் வையையையும் பாடும் பரிபாடலின் இரண்டாம் பாடலில், கீரந்தையார் ஊழிக்காலத்தின் நீட்சியைச் சொல்லும்போது சங்கம், குவளை, நெய்தல் முதலான பேரெண்களைக் கையாளுகின்றார். குளத்தில் பூக்கும் பூக்களின் பெயரே கோடிகளைக் கடந்த எண்களுக்கும் பெயராயிற்று. எனினும் இப்பெயர்களின் மதிப்பு நூலுக்கு நூல் வேறுபட்டது. பெயர் இருந்தது, ஒரே அளவாக நில்லாமையால் கணக்குக்கு உதவவில்லை.

அல்பிரூனி இதையும் கவனித்தவர். ஏறத்தாழ 1030-இல் இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய பெருநூலில், பிற சமுதாயத்தார் ஆயிரத்தோடு எண்ணுப்பெயரை நிறுத்திக்கொள்ள, இந்தியர் பதினெட்டு இடங்கள் வரை பெயரிட்டுச் செல்வதையும், பதினெட்டாம் இடம் பரார்த்தம் எனப்படுவதையும் குறிப்பிடுகின்றார். சதுரங்க எண்ணோ அப்பதினெட்டையும் தாண்டி இன்னும் இரண்டு இடங்கள் செல்கிறது. பெயர் தீர்ந்த இடத்தில் குறிகளே கைகொடுத்தன.

பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு, சுழியம் இல்லை. அம்முறையில் இந்த எண்ணை எழுதப் புகுந்தால் ஆயிரக் குறிகளை அடுக்கியே ஓலை நிறைந்துவிடும். இட மதிப்பும் சுழியமும் சேர்ந்த முறையோ, பத்தே குறிகளால் இருபது இடங்களில் அதனை எழுதிவிடுகிறது. இந்தியாவில் தோன்றிய அம்முறையை ஒன்பதாம் நூற்றாண்டில் பகுதாதில் இருந்த அல்குவாரிஸ்மி நூலாக்கினார். அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவை அடைந்தது. கணக்கு வழிமுறையைக் குறிக்கும் அல்காரிதம் என்னும் சொல் அவர் பெயரின் திரிபே. அரபியர் இவ்விலக்கங்களை ‘ஹிந்தி’ என்றனர். ஐரோப்பியர் ‘அரபு எண்கள்’ என்றனர். பெற்றவர் ஒவ்வொருவரும் கொடுத்தவர் பெயரைச் சொல்லியே வழங்கினர். அறிவுலகில் கடன்பட்டோர் காட்டத்தக்க நன்றி இதுவே ஆகும்.

நாழியும் கலமும்

இனி மதுரை மரக்காலை எடுப்போம். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதிய பிள்ளைகள், பொன்னிலக்கத்தோடு நெல்லிலக்கத்தையும் மனப்பாடம் செய்தனர். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம், பலாப்பழத்தை அரியாமலே சுளையை எண்ணும் வழியையும், பூசணியை உடைக்காமலே விதையை எண்ணும் வழியையும் கூறும் நூல். இம்மரபில் வழங்கிய நெல்லளவை வாய்பாடு பின்வருமாறு அமையும்: 360 நெல் ஒரு செவிடு; 5 செவிடு ஓர் ஆழாக்கு; 2 ஆழாக்கு ஓர் உழக்கு; 2 உழக்கு ஓர் உரி; 2 உரி ஒரு நாழி, அதாவது படி; 8 நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால்; 2 குறுணி ஒரு பதக்கு; 2 பதக்கு ஒரு தூணி; 3 தூணி ஒரு கலம். படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியதுண்டு; ஆயினும் வாய்பாட்டின்படி ஒரு படிக்கு 14,400 நெல்; ஒரு கலத்துக்கு 96 படி.

இந்த வாய்பாட்டைச் சதுரங்கப் பலகையின் அருகே வைத்துப் பார்த்தால் ஓர் அழகு புலப்படும். ஆழாக்கிலிருந்து தூணி வரை எல்லாம் இரட்டிப்பே. எட்டு நாழிக் குறுணியும் மூன்று முறை இரட்டித்ததே. சதுரங்கத்தை அமைத்தவன் செய்த வேலையைத்தான் நம் களத்துமேட்டில் மரக்கால் பிடித்தவரும் செய்துவந்தார்.

பதினைந்தாம் கட்டத்து நெல் 16,384. ஒரு படி நிறைந்து 1,984 நெல் மிஞ்சும். இருபத்திரண்டாம் கட்டத்தில் ஒன்றரைக் கலத்துக்குச் சற்றுக் கூடும். முப்பத்திரண்டாம் கட்டத்தில் 1,553 கலம். பலகையின் முதற் பாதி முழுவதையும் கூட்டினாலும் 3,106 கலத்துக்குச் சற்று மேலேதான். ஆயிரம் நெல்லின் எடை சன்ன ரகத்தில் 15 கிராம் அளவிலும், மோட்டா ரகத்தில் 25 கிராம் அளவிலும் இருக்கும். நடுத்தரமாக 20 கிராம் என்று கொண்டால், முதற் பாதியின் எடை சுமார் 86 டன். 1895-இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர் பாயும் மேலூர், வாடிப்பட்டிப் பகுதிகளில் ஏக்கருக்கு இரண்டு டன் விளைந்தால், 43 ஏக்கரின் ஒரு போகம். அரசன் அல்ல, வசதியுள்ள குடியானவர் ஒருவரே கொடுத்துவிடலாம்.

பாதிப் பலகை வரை அரசன் சொன்னதே சரி, பரிசு அற்பந்தான். மறுபாதியோ முதற் பாதியைப்போல் 429 கோடியே 49,67,296 மடங்கு. அழிவு முழுவதும் அங்கேதான் காத்திருக்கிறது.

முழுப் பலகையையும் அளந்தால் வருவது இது: 13,34,399 கோடியே 88,95,912 கலம், 6 குறுணி, 7 நாழி, ஓர் உரி, ஓர் உழக்கு. இதற்கு மேல் மிஞ்சுவது 15 நெல்.

எடையில் இது சுமார் 36,893 கோடி டன். உலகம் முழுவதும் இக்காலத்தில் ஆண்டுக்கு விளையும் நெல் எண்பது கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகத்தார் ஒரு பிடி சோறும் உண்ணாது சேர்த்தாலே இப்பரிசு நிறையும். கன மீட்டருக்கு 600 கிலோ என்று கொண்டு, ஏறத்தாழ 3,700 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மதுரை மாவட்டம் முழுவதிலும் இந்நெல்லைப் பரப்பினால், மீனாட்சி அம்மன் கோயிலின் 170 அடித் தெற்குக் கோபுரத்தைப்போல் மூன்று மடங்கு உயரத்துக்கு அது நிற்கும். நகரமும் வயலும் வையையும் நெல்லுக்குள் மறைந்துவிடும்.

மிச்சம் ஏன் பதினைந்து?

இத்துணைப் பெரிய குவியலில் பதினைந்து நெல் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். கணக்கு சரிதானா என்பதற்குச் சாட்சி சொல்வதே அந்தப் பதினைந்து நெல்தான்.

சதுரங்க எண்ணின் இலக்கங்களை எல்லாம் கூட்டினால் 87 வரும். அது 3-ஆல் வகுபடும். ஆகவே எண்ணும் 3-ஆல் வகுபடும். எண் 5-இல் முடிவதால் 5-ஆலும் வகுபடும். இரண்டும் சேர 15-ஆல் மீதியின்றி வகுபடும். ஒரு செவிட்டின் 360 நெல்லும் 15-ஆல் வகுபடும். ஆகவே செவிடு செவிடாக எத்தனை முறை அளந்து நீக்கினாலும், மிஞ்சுவது 15-இன் மடங்காகவே இருந்தாக வேண்டும். 14 என்றோ 16 என்றோ மிச்சம் வந்திருப்பின், இடையில் எங்கோ மரக்கால் தவறியது என்று கொள்ள வேண்டும். மேலும் இவ்வெண் ஒற்றைப்படை. ஆகவே மிச்சமும் ஒற்றைப்படையாகவே வரும். 30 நெல் மிஞ்சவே மிஞ்சாது. எண்ணின் இயல்பை அறிந்தவர், கோடிக்கணக்கான கலங்களை மீண்டும் அளக்காமலே, கையளவு மிச்சத்தைக் கொண்டு தவறான கணக்கைக் கண்டுகொள்ளலாம்.

அவ்வியல்பை இன்னும் ஆழ்ந்து நோக்குவோம். இந்த எண் ஏழு பகாஎண்களின் பெருக்கம்: 3, 5, 17, 257, 641, 65,537, 6,700,417. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வருகிறது. அல்பிரூனி ஏறிய வர்க்கப் படிகளே இதன் திறவுகோல். 2, 4, 16, 256, 65,536, 4,294,967,296 ஆகிய ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டி, வந்த ஆறு எண்களையும் தம்முள் பெருக்கினால் சதுரங்க எண் கிடைத்துவிடும். அவற்றுள் முதல் ஐந்தும் பகாஎண்கள். அவ்வைந்தின் பெருக்கமே பலகையின் முதற் பாதி மொத்தமாகிய 4,294,967,295.

இவ்வகை எண்கள் யாவும் பகாஎண்களே என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுப் பேரறிஞர் ஃபெர்மா கருதினார். ஐந்து எண்கள் அவருக்குச் சான்றளித்தன. ஆறாவது எண்ணைச் சோதிப்பது எளிதன்று. அவர் வாக்கை ஒரு நூற்றாண்டு போல உலகம் நம்பியிருந்தது. 1732-இல் ஆய்லர், 4,294,967,297 என்பது 641-ஐ 6,700,417-ஆல் பெருக்க வருவது என்று காட்டினார். தாளும் எழுதுகோலும் உடைய எவரும் சில நிமிடங்களில் இதனைச் சரிபார்க்கலாம். எவ்வளவு பெரியவர் கூறினாலும், எத்தனை எடுத்துக்காட்டுகள் துணை நின்றாலும், எண்ணிப் பாராத ஒன்று நிறுவப்பட்டது ஆகாது.

அந்த முதல் ஐந்து பகாஎண்களுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு பதினேழு பக்கங்களை உடைய ஒழுங்குப் பல்கோணத்தை வரையலாம் என்று, பத்தொன்பது வயது நிரம்பாத காவுஸ் 1796-இல் கண்டார். 257 பக்கங்களுக்கும் 65,537 பக்கங்களுக்கும் இது பொருந்தும். இவ்வகைப் பகாஎண்களாக இன்றுவரை அறியப்பட்டவை இந்த ஐந்து மட்டுமே. ஆறாவதாக ஒன்று உண்டா என்ற கேள்விக்கு விடை இன்னும் கிடைக்கவில்லை. நம் காலத்துக் கணிப்பொறிகளிலும் இவ்வெண் குடியிருக்கிறது. அறுபத்து நான்கு பிட்டுகள் கொண்ட இடத்தில் எழுதத்தக்க முழு எண்களுள் மிகப் பெரியது இதுவே. ஒவ்வொரு பிட்டும் சதுரங்கப் பலகையின் ஒரு கட்டம் என்று கொள்ளலாம்.

இரட்டிப்பின் பாடம்

இவை யாவும் கணிதம் கற்றோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாகாது. சதுரங்க அரசன் இன்றும் நம் ஊர்களில் வாழ்கின்றான். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி, வட்டிக்கும் வட்டி என்று ஆயிரம் ரூபாய் வாங்குகின்றவனை எண்ணிப் பாருங்கள். ஏழு மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடையில் கடன் இரட்டிக்கிறது. அவனுக்கு முதற்கட்டமும் இரண்டாம் கட்டமுமே தெரிகின்றன; ‘இவ்வளவுதானே’ என்று கைநாட்டு வைக்கின்றான். பத்து முறை இரட்டிக்க ஆறு ஆண்டுகளும் ஒரு மாதமுமே போதும். அப்போது அவன் ஆயிரம், பத்து இலட்சத்தைத் தாண்டி நிற்கும். பலகையில் அவன் பதினோராம் கட்டத்தையே அடைந்திருப்பான்; ஆனால் வீடும் வயலும் அதற்கு முன்பே போயிருக்கும்.

கந்து வட்டியையும் மீட்டர் வட்டியையும் தடுக்கத் தமிழக அரசு 2003-இல் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. வட்டி பன்மடங்காகப் பெருகுவதைத் திருக்குர்ஆன் மூன்றாம் அத்தியாயத்தில் பெயர் சுட்டிக் கண்டிப்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். சட்டமும் மறையும் விதித்த வேலியின் உள்ளே, கணக்கும் ஒரு வேலியாக நிற்க வேண்டும். கொடியவன் ஒருவன் கேட்டதால் அரசன் அழியவில்லை. எண்ணாமல் வாக்குக் கொடுத்ததாலேயே அழிய நேர்ந்தது. அவன் அவையில் கணக்கர் இருந்தனர். வாக்குக் கொடுக்குமுன் அவன் அவர்களைக் கேட்கவில்லை.

நம் ஊர்க் கணக்கர்களின் நாழியும் குறுணியும் வழக்கொழிந்து வருகின்றன. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1960-களில் லிட்டரும் கிலோகிராமும் படிப்படியாக அவற்றின் இடத்தைப் பெற்றன. அளவு ஒன்றுபட்டதால் வந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. நெல்லிலக்கம் ஓதிய பிள்ளைக்கு, ஒரு நெல்லிலிருந்து ஒரு கலம் வரை ஏறும் வழி மனத்திலேயே இருந்தது. அது பழைய அளவைகளோடு சேர்ந்து மறைந்துவிடக் கூடாதென்பதே நமது கவலை. கைப்பேசியில் எந்தப் பெருக்கலும் நொடியில் விடை தரும். விடை சரியாக இருக்கக்கூடியதா என்று கேட்கும் பழக்கத்தைக் கைப்பேசி தாராது. அது கணக்கைத் தானே செய்து பார்த்தவனுக்கே வாய்க்கும்.

குவாரிஸ்மில் பிறந்த ஓர் இளைஞர், அலெக்சாந்திரியாவில் பெயர் அறியப்படாத ஒரு கணக்கர், தமிழகத்துத் திண்ணையில் நெல்லிலக்கம் ஓதிய பிள்ளைகள். இவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. அவர்களை இணைப்பது ஒரே ஒழுக்கம்: பெரிது என்பதற்காக ஒன்றைத் தோராயமாக விட்டுவிடாமை. பதின்மூன்று இலட்சம் கோடிக் கலத்தை அளந்த பின்னும் அந்தப் பதினைந்து நெல்லை உள்ளங்கையில் எடுத்து வைத்து, ‘இதுவும் சேர்த்துத்தான்’ என்று சொல்லுகிறவரே கணக்கர். அத்தகையோரை வீட்டுக்கு ஒருவராகவேனும் நாம் வளர்த்துக்கொள்ள வேண்டும்.